பல் தேய்த்தலும் பல் தேய்தலும்

ஆய்வுச் சிக்கல்

தமிழ் வீடுகளில் காலை ஆறு மணிக்கும் ஏழு மணிக்கும் நடுவே மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "பல் தேய்ச்சாச்சா?" இவ்வாய்வாளர் இக்கேள்விக்கு முதல் முப்பது ஆண்டுகள் பதில் சொல்பவராகவும், பையன் பிறந்த பிறகு கேட்பவராகவும் இருந்துவருகிறார். "ஆச்சு" என்றால் பால் அடுப்பில் ஏறும். "இல்லை" என்றால் ஏறாது. "ம்" என்று முனகினால் கேட்டவர் கிட்டே வந்து வாயை மோந்து பார்ப்பார். விமான நிலையத்தில்கூட இப்படியொரு சோதனை கிடையாது.

இந்தக் கேள்வியைச் சற்று உற்றுப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். கேட்பவருக்குப் பல்லின் மீது எந்த அக்கறையும் இல்லை. கடைவாயில் குழி விழுந்திருக்கிறதா, ஈறு வீங்கியிருக்கிறதா என்றெல்லாம் அவர் விசாரிப்பதில்லை. அவர் காவல் காப்பது டம்ளரை. எனவே இவ்வாய்வின் கருதுகோள் பின்வருமாறு அமைகிறது: தமிழர் பல் தேய்ப்பது காபிக்காக. இதிலிருந்து துணைக் கருதுகோள் ஒன்றும் தானாகவே முளைக்கிறது: எந்த வேளைக்குப் பிறகு காபி கிடையாதோ, அந்த வேளையில் தமிழர் பல் தேய்ப்பதில்லை. அதாவது ராத்திரி.

ஆய்வுக் களம்: எங்கள் வீட்டில் ஹாலுக்கும் குளியலறைக்கும் இடையில் உள்ள வாஷ்பேசின். மேலே ஒரு கண்ணாடி. கண்ணாடியின் இடது ஓரத்தில் ஒன்பது ஸ்டிக்கர் பொட்டுகள், அளவுவாரியாக. தகவலாளிகள் நால்வர்: இவ்வாய்வாளர், மனைவி, ஒன்பதாம் வகுப்புப் பையன், பென்னாகரம் பக்கத்திலிருந்து வந்து எங்களோடு இருக்கும் மாமனார். நெறியாளர் பொறுப்பை மனைவியே ஏற்றுக்கொண்டார், யாரும் அழைக்கவில்லை. "இதுக்கெல்லாம் ஒரு கட்டுரையா? மொதல்ல அந்த பேஸ்ட்டை மூடி வைங்க" என்பது அவர் அருளிய முதல் நெறியுரை. உணர்ச்சிவசப்படும் இடங்களில் 'இவ்வாய்வாளர்' நழுவி 'நான்' வந்துவிடக்கூடும். பொறுத்தருள்க.

சொல்லாய்வு

எழுத்தில் பல் துலக்குகிறோம். பேச்சில் சில ஊர்களில் பல் விளக்குகிறார்கள். யாழ்ப்பாணத்தில் கத்தியையும் அரிசியையும் தீட்டுவதுபோலப் பல்லையும் தீட்டுகிறார்கள். மற்றபடி பெரும்பாலோர் தேய்க்கிறோம். சிக்கல் இந்தக் கடைசிச் சொல்லில்தான்.

தமிழர் வேறு எவற்றையெல்லாம் தேய்க்கிறார்கள்? அடிப்பிடித்த பாத்திரத்தைத் தேய்க்கிறோம். பாசி பிடித்த தொட்டியைத் தேய்க்கிறோம். சட்டையைத் தேய்க்கக் கொடுக்கிறோம். கடையில் கார்டைத் தேய்க்கிறோம். இவை எல்லாவற்றிலும் அழுத்தம் உண்டு, முழங்கை உண்டு, ஒருவிதப் பழிவாங்கல் உண்டு. அதே வினைச்சொல்லோடு வாஷ்பேசின் முன்னால் போய் நிற்பவன், பால் சட்டியின் அடியைச் சுரண்டும் வேகத்தில் குறுக்கும் நெடுக்குமாக இழுக்கிறான். அவன்மீது குற்றமில்லை. மொழி அவனைத் தள்ளுகிறது.

விளைவையும் அதே மொழி சொல்லி வைத்திருக்கிறது. தேய்க்கிறது, தேய்கிறது. இடையில் இருப்பது ஒரே ஒரு 'க்'. பிறவினைக்கும் தன்வினைக்கும் உள்ள அந்தச் சிறு வேறுபாட்டைப் பல்லால் பார்க்க முடிவதில்லை. பல்லின் மேலுறையான எனாமல் மனித உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். ஆனால் ஈறை ஒட்டிய கழுத்துப் பகுதியில் அது மெலிந்து முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே இருப்பது மெதுவான சாதி. கடினமான பிரஷ்ஷால் வருடக்கணக்கில் குறுக்கே அறுத்தால் அங்கே ஆப்பு அடித்ததுபோல ஒரு பள்ளம் விழும். வலக்கைக்காரருக்கு இந்தப் பள்ளம் பெரும்பாலும் இடப்பக்கம் ஆழமாக இருக்கும், கை அங்கேதான் வசமாக விழுகிறது என்பதால். பிறகு ஐஸ் தண்ணீர் பட்டால் உச்சந்தலை வரை சுரீரென்று ஏறும். இவ்வாய்வாளர் இப்பள்ளத்தின் உரிமையாளர்.

சார்லஸ் பாஸ் என்று ஓர் அமெரிக்க மருத்துவர் இருந்தார். நியூ ஆர்லியன்ஸ் நகரின் டுலேன் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரிக்குத் தலைவராக இருந்தவர். மெல்லிய நாரிழைப் பிரஷ்ஷை ஈறும் பல்லும் சேரும் இடத்தில் 45 டிகிரி சாய்வாக வைத்து, இழுக்காமல் அந்த இடத்திலேயே லேசாக அதிரவிட வேண்டும் என்பது அவர் சொன்ன முறை. அழுக்கு தங்குவது பல்லின் நெற்றியில் அல்ல, ஈறின் விளிம்பில். பல் மருத்துவர்கள் இன்றும் பாஸ் முறை என்றுதான் சொல்லித்தருகிறார்கள். பெயரில் பாஸ் இருந்தும் நாம் அதில் ஃபெயில்.

முன்னாய்வுகள்

இத்துறையில் தமிழின் தொன்மையான சான்று ஆசாரக்கோவை. பெருவாயின் முள்ளியார் இயற்றிய இந்தப் பதினெண்கீழ்க்கணக்கு நூல், விடியலில் பல்குச்சியை மென்று, கண் கழுவி, பிறகு தெய்வத்தைத் தொழச் சொல்கிறது. வரிசையைக் கவனிக்க வேண்டும். பல், கண், கடவுள். பல் துலக்குவது அன்றைக்கே ஓர் அனுமதிச் சீட்டாகத்தான் இருந்திருக்கிறது. துலக்கினால்தான் அடுத்த வாசல் திறக்கும். பிற்காலத்தில் அந்த வாசலுக்குப் பின்னால் ஆள் மாறியிருக்கிறார், அவ்வளவுதான். 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்று ஆ. இரா. வேங்கடாசலபதி ஒரு நூலுக்கே தலைப்பு வைத்தார். காபி இல்லாத அந்தக் காலத்தில் தெய்வம் நின்ற இடத்தில் இன்று டபரா நிற்கிறது. வழிபாட்டின் தீவிரத்தில் குறைவொன்றும் இல்லை.

பழமொழி சொல்லும் 'ஆலும் வேலும்' பற்றி வீட்டில் ஒரு சர்ச்சை உண்டு. வேல் என்றால் வேம்பு என்று நெறியாளர் வாதிட்டார். மாமனார் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்: "வேம்புக்கு வேம்புன்னே பேரு இருக்குதே, அப்புறம் எதுக்கு வேலுன்னு சொல்லப்போறான்?" வேல் என்பது வேலமரம். இப்படிச் சொன்ன மாமனார் தினமும் மெல்லுவது வேப்பங்குச்சியை என்பது ஆய்வு நேர்மை கருதிப் பதிவு செய்யப்படுகிறது.

அயல்நாட்டு முன்னாய்வுகளில் தலையாயது ஹாலந்து நாட்டு டெல்ஃப்ட் ஊர்த் துணி வியாபாரி ஒருவருடையது. பெயர் லேவன்ஹூக். துணியின் இழையை எண்ணப் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டிருந்தவர், சும்மா இருக்காமல் நுண்ணோக்கிகள் செய்தார். தினமும் காலையில் உப்புப் போட்டுப் பல் தேய்ப்பவர். அப்படியிருந்தும் பல்லிடுக்கில் கரைத்த மாவைப் போல வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டு, அதைச் சுரண்டி மழைத்தண்ணீரில் கலந்து கண்ணாடிக்கடியில் வைத்தார். குட்டிக் குட்டி உயிர்கள் நீந்திக்கொண்டிருந்தன. 1683 செப்டம்பரில் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். மனிதன் முதன்முதலாகப் பாக்டீரியாவை நேரில் பார்த்த இடங்களில் ஒன்று ஒரு வியாபாரியின் சொந்தப் பல்லிடுக்கு.

இவ்வாய்வாளரைப் புல்லரிக்க வைத்தது அதற்குப் பிந்திய கடிதம். 1692-இல் அவர் மறுபடி முன்பல்லைச் சுரண்டிப் பார்த்தபோது உயிரோடு ஒன்றும் தென்படவில்லை. யோசித்தார். காலையில் தாம் குடித்துவந்த கொதிக்கும் காபியின் சூட்டில் அவை செத்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்.

இந்தத் தகவல் கிடைத்த மறுநாள் காலை ஐந்து ஐம்பதுக்கு, படுக்கையில் இருந்தபடியே, நெறியாளரிடம் இதைச் சமர்ப்பித்தேன். காபியே ஒரு பல்மருந்து; ஆகவே தேய்ப்பதற்கு முன் குடிப்பதே முறை; முந்நூறு வருஷ ஆதாரம் இருக்கிறது என்றேன்.

"அவரு முன்பல்லுல மட்டும்தானே பாத்தாரு?"

இல்லை. சூடு எட்டாத கடைவாயில் சுரண்டியபோது பழையபடி கூட்டம் கூட்டமாக உயிரோடு இருந்ததையும் லேவன்ஹூக் அதே மூச்சில் எழுதித் தொலைத்திருக்கிறார். ஆய்வாளர்கள் இவ்வளவு நேர்மையாக இருக்கக் கூடாது. நான் எழுந்து போய்ப் பல் தேய்த்தேன்.

களஆய்வு: பென்னாகரத்துப் பல்

மாமனார் முறை: வேம்பின் இளங்கொம்பில் சுண்டுவிரல் கனத்தில் ஒரு சாண் ஒடித்துக்கொள்வது, ஒரு முனையை மென்று மென்று நாராக்குவது, பிறகு வாசற்படியில் உட்கார்ந்து, பேப்பரை முழங்காலில் விரித்து, முதல் பக்கத்திலிருந்து விளையாட்டுப் பக்கம் வரை ஒவ்வொரு பல்லாகப் போய்வருவது. இடையிடையே செய்தி பற்றிய கருத்தும் துப்பலும் ஒன்றாக வரும். ஆகும் நேரம் சுமார் முப்பத்தைந்து நிமிடம். நேர் எதிர்முனையில் பையன். நிறுத்துக் கடிகாரத்தில் முப்பத்தொரு விநாடி. அதில் கண்ணாடியில் முகப்பருவைப் பார்த்தது பத்து. இரண்டு நிமிடம் தேய்க்க வேண்டும் என்பது உலகம் முழுக்கப் பல் மருத்துவர்கள் சொல்வது. தாத்தாவும் பேரனும் சேர்ந்து சராசரி எடுத்தால் எங்கள் குடும்பம் கடமைக்கு மேலேயே செய்கிறது என்பது புள்ளியியலின் அழகு.

மாமனாருக்கு எழுபத்தெட்டு வயதில் இருபத்தாறு பல் இருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றின் குறுக்கேயும் டீ ஊற்றிக் காயவைத்ததுபோலப் பழுப்புக் கோடுகள். "எங்க பக்கத்துத் தண்ணி அப்படி மாப்ள. எங்க போனாலும் பல்லப் பாத்தே, தருமபுரியான்னு கேப்பாங்க." தருமபுரி, கிருஷ்ணகிரிப் பாறைகளுக்கிடையே ஊறும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். எனாமல் உருவாகும் சின்ன வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்தால் கறை பல்லோடு பிறந்து பல்லோடுதான் போகும். எந்தப் பொடியாலும் போகாது. அதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013-இல் காவிரித் தண்ணீர் குழாயில் ஏறியது. மாமனாரின் பல்லுக்கு அது ஒரு எழுபது வருஷம் தாமதம்.

இதே கறையை 1901-இல் கொலராடோவில் பிரெடெரிக் மெக்கே என்ற பல் மருத்துவர் பார்த்தார். ஊருக்கே பழுப்புப் பல். அசிங்கமாக இருந்த அந்தப் பற்களில் சொத்தை மட்டும் குறைவாக இருந்ததுதான் அவரைத் தூங்கவிடாமல் செய்தது. காரணம் தண்ணீரில் உள்ள ஃபுளோரைடு என்று 1931-இல் தெரிந்தது. கொஞ்சமாக இருந்தால் காக்கும், அளவு மீறினால் கறை என்று கணக்குப் போட்டு, 1945-இல் மிச்சிகன் மாநிலத்து கிராண்ட் ரேப்பிட்ஸ் நகரம் தன் குடிநீரில் அதை அளந்து கலக்க ஆரம்பித்தது. ஆக, உலகத்தின் ஒரு மூலையில் காசு கொடுத்துக் கலக்கிய சரக்கை இன்னொரு மூலையில் காசு கொடுத்து ஒதுக்க வேண்டியிருந்தது. இன்று பேஸ்ட்டில் இருப்பதும் அதுவே. அதனால்தான் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஓர் அரிசி அளவு, அதற்கு மேல் ஒரு பட்டாணி அளவு போதும் என்கிறார்கள். விளம்பரத்தில் பிரஷ் முழுக்க அலை அலையாகச் சுருண்டு படுத்திருக்கும் பேஸ்ட், பேஸ்ட் கம்பெனிக்கு நல்லது.

தேய்த்து முடித்ததும் நாம் செய்யும் காரியம் இன்னும் விசேஷம். பல்லில் தங்கி வேலை பார்க்க வேண்டிய அந்த ஃபுளோரைடை, ஏழெட்டு முறை கொப்பளித்து, அண்ணாந்து கர்ரென்று தொண்டையை உருட்டி, ஒரு சொட்டு விடாமல் சாக்கடைக்கு அனுப்பிவிடுகிறோம். நுரையைத் துப்பு, ஆனால் தண்ணீர் விட்டு அலசாதே என்பது இன்றைய அறிவுரை. இதை வீட்டில் சொன்னபோது எழுந்த அருவருப்பை எழுத்தில் வடிக்க இயலாது. காபி டம்ளர் கைக்கு வந்தே சேரவில்லை.

தாத்தா வாதம்

இத்துறையில் ஈடுபடும் எவரும் ஒரு வாதத்தைச் சந்தித்தே தீர வேண்டும். "எங்க தாத்தா ஜென்மத்துல பிரஷ்ஷைத் தொட்டதில்ல. எண்பது வயசுல கரும்பு கடிச்சாரு." எல்லோருக்கும் இப்படி ஒரு தாத்தா இருக்கிறார். வாயைத் திறந்து காட்ட அவர் இப்போது இல்லை என்பது இவ்வாதத்தின் பலம்.

இதை ஆய்வுலகம் ஒதுக்கிவிடவில்லை. ஹரால்ட் லோ என்ற நார்வேக்காரரின் குழு 1970-இல் இலங்கை மலையகத்துக்குப் போனது. தேயிலைத் தோட்டத்து ஆண் தொழிலாளர்கள் 480 பேர், நம் தமிழர்கள். பல்பிரஷ் என்பது அவர்களிடம் எட்டியே பார்த்ததில்லை. பல் வைத்தியமும் அப்படியே. பதினைந்து ஆண்டுகள் திரும்பத் திரும்பப் போய், அவர்களுடைய ஈறு பல்லைவிட்டு எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்று அளந்தார்கள். முடிவு 1986-இல் வந்தது. ஏறக்குறைய எல்லோருக்கும் காரை படிந்து ஈறு அழன்றிருந்தது. ஆனால் நூற்றுக்கு 11 பேருக்கு அதைத் தாண்டி எதுவும் நடக்கவில்லை. 81 பேருக்குப் பல்லைப் பிடித்திருந்த பிடிமானம் மெல்ல மெல்லக் கரைந்தது. 8 பேருக்கு விறுவிறுவென்று கரைந்து, நாற்பத்தைந்து வயதில் சுமார் 13 மில்லிமீட்டர் போயிருந்தது. பல் வேரின் நீளமே ஏறக்குறைய அவ்வளவுதான்.

தாத்தா அந்தப் பதினொன்றில் ஒருவர். மீதி எண்பத்தொன்பது தாத்தாக்கள் கரும்பு கடிக்காததால் அவர்களைப் பற்றிக் கதை இல்லை. இன்னொன்றும் உண்டு. அந்தத் தோட்டத் தொழிலாளர்களுக்குச் சொத்தை ஏறக்குறைய இல்லவே இல்லை. சொத்தைக்குச் சர்க்கரை வேண்டும். அவர்கள் தட்டில் அது எத்தனை தடவை விழுந்திருக்கும்? ஒப்பீட்டுக்காக ஆஸ்லோ நகரத்து மாணவர்களையும் கல்வியாளர்களையும் அளந்தார்கள். அவர்களிடம் பிரஷ்ஷும் இருந்தது, டாக்டரும் இருந்தார். மலையகத்துக்கு அளவுகோல் மட்டும் பதினைந்து வருஷம் போய்வந்தது. இவ்வாய்வாளருக்கு இந்த இடத்தில் ஏளனம் வரவில்லை. அடுத்த இயலுக்குப் போகலாம்.

நாக்கு

தமிழில் ஒருவனை உபயோகமற்றவன் என்று சொல்ல, அவனோ அவன் சான்றிதழோ நாக்கு வழிக்கக்கூட ஆகாது என்பார்கள். நாக்கு வழித்தல் அவ்வளவு கீழான வேலை என்று பொருள். ஆனால் வாய்நாற்றத்தின் தலைமையகம் பெரும்பாலும் நாக்கின் பின்பகுதிதான். வளைத்த செம்புத் தகட்டால் அதை வழிக்கும் பழக்கம் பற்பசைக்கு ரொம்பவும் மூத்தது. குறை ஒன்றுதான், சத்தம். தெருவில் யார் யார் எழுந்துவிட்டார்கள் என்பதைக் கதவைத் திறக்காமலே சொல்லலாம். அந்த ஓங்கரிப்பில் குரல் அடையாளம் உண்டு. எதிர்வீட்டு ஓய்வுபெற்ற வாத்தியார் மூன்று கட்டையில் தொடங்கி ஐந்தில் முடிப்பார்.

இதன் பொதுவெளி வடிவத்தைக் காண நெல்லை எக்ஸ்பிரஸ் செங்கல்பட்டைத் தாண்டும்போது பெட்டியின் கடைசிக்கு வர வேண்டும். எழும்பூர் வரப்போகிறது, அதற்குள் எழுபது பேருக்கு இரண்டு வாஷ்பேசின். தோளில் துண்டு, வாயில் பிரஷ், கடைவாயில் நுரை வழிய வரிசை. அந்தக் குழாய் அடியிலிருந்து மேலே அமுக்கினால்தான் தண்ணீர் விடும். கையை எடுத்தால் நின்றுவிடும். ஒரு கையால் அமுக்க வேண்டும், இன்னொரு கையில் பிடிக்க வேண்டும், அந்தக் கையில்தான் பிரஷ் இருக்கிறது. ரயில் ஆடுகிறது. பின்னால் நிற்பவர் தொண்டையைக் கனைக்கிறார். இத்தனையும் எதற்கு? பக்கத்துப் பெட்டியில் காபி, காபி என்று குரல் கேட்கிறதே, அதற்கு. கருதுகோளுக்கு இதைவிடத் திடமான களச்சான்று இவ்வாய்வாளருக்குக் கிட்டவில்லை.

இடுக்கு

பிரஷ் பல்லின் மூன்று பக்கம் போகும். இரண்டு பற்கள் முகத்தோடு முகம் வைத்திருக்கும் இடத்துக்குள் போகாது. 1815 வாக்கில் நியூ ஆர்லியன்ஸில் லெவி பார்ம்லி என்ற பல் மருத்துவர் அதற்குப் பட்டு நூலைச் சிபாரிசு செய்தார். அதுதான் ஃபிளாஸ். நம்மிடம் அதற்கு மாற்று ஏராளம்: ஊக்கு, தீக்குச்சி, விளக்குமாற்று ஈர்க்கு, மடித்த பஸ் டிக்கெட்டின் மூலை, யாரோ மரியாதையாகக் கொடுத்த விசிட்டிங் கார்டு. ஊக்கு ஈறைக் கிழிக்கும். மற்றவை இடுக்கை அகலமாக்கி, அடுத்த வேளைக்கு இன்னும் பெரிய கறித்துண்டுக்கு இடம் செய்து கொடுக்கும். 2016-இல் ஃபிளாஸுக்கு வலுவான ஆய்வு ஆதாரம் இல்லை என்று ஒரு செய்தி வந்து உலகமே குதூகலித்தது. அதுவரை ஃபிளாஸ் என்ற சொல்லையே கேட்டிராத என் நண்பர்கூட, "நான் அப்பவே சொன்னேன்ல" என்றார். இடுக்கில் நுழையும் பூச்சி மாதிரியான குட்டிப் பிரஷ்கள் கடையில் கிடைக்கின்றன. அவை பழகிவிட்டால் சுகம்.

பிரஷ் மாற்றும் காலம் மூன்று நான்கு மாதம் என்று சொல்லப்படுகிறது. எங்கள் வீட்டில் தலைக்கு மை அடிக்கவோ குத்துவிளக்குத் தேய்க்கவோ ஒரு பழைய பிரஷ் தேவைப்படும் நாளே புதுப் பிரஷ் வாங்கும் நாள்.

ரத்தம் பற்றி ஒரு வார்த்தை. தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வந்தால், "புண்ணாகிடுச்சு, ரெண்டு நாள் விடு" என்பது வீட்டு வைத்தியம். மேலே சொன்ன அதே லோ, 1965-இல் டென்மார்க்கின் ஆர்ஹுஸில் பன்னிரண்டு பேரை, பெரும்பாலும் பல் மருத்துவ மாணவர்களை, பல் தேய்க்காமல் இருக்கச் சொன்னார். பத்திலிருந்து இருபத்தொரு நாளுக்குள் பன்னிரண்டு பேருக்கும் ஈறு அழன்றது. மறுபடி தேய்க்க ஆரம்பித்ததும் ஒரு வாரம் பத்து நாளில் சரியாகிவிட்டது. ரத்தம் வருவது தேய்க்காத இடத்தில்தான். அந்த இடத்தை விட்டுவிட்டால் இன்னும் வரும். மெதுவாக, ஆனால் விடாமல். நிற்கவில்லை என்றால் டாக்டர்.

ராத்திரி

இனி துணைக் கருதுகோள். லேவன்ஹூக் பல்லிடுக்கில் பார்த்தது மாவு போன்ற ஒன்றை என்றேன். தமிழ் வாசகருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. சாயந்திரம் அரைத்த மாவைப் பாத்திரத்தில் ஊற்றி, கையால் கலந்து, மூடி, அசைக்காமல் ராத்திரி வைத்துவிடுகிறோம். காலையில் பொங்கிப் புளித்திருக்கிறது. என்ன நடந்தது? நுண்ணுயிர்கள் மாவுச் சத்தைத் தின்று அமிலம் விட்டன. வாயிலும் அதேதான். அங்கே தலைமைச் சமையல்காரர் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ். 1924-இல் கிளார்க் என்பவர் சொத்தைப் பல்லிலிருந்து பிடித்துப் பெயர் வைத்தது. சர்க்கரை கிடைத்தால் அமிலம் விடும். அமிலம் ஏற ஏற இறங்கும் pH அளவு 5.5-க்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்கும். பகலில் எச்சில் ஓடிவந்து அரை மணி, ஒரு மணியில் அதைச் சமன் செய்துவிடும். கரைந்ததைக் கொஞ்சம் ஒட்டவும் வைக்கும். தூக்கத்தில் எச்சில் ஏறக்குறைய நின்றுபோகிறது. கதவு மூடியிருக்கிறது, கதகதப்பாக இருக்கிறது, ஏழு மணி நேரம் யாரும் கலைக்கப்போவதில்லை. மாவு புளிக்க இதைவிட என்ன வேண்டும்?

ஆகவே ராத்திரி ஒன்பதரைக்குப் பாலும் பிஸ்கட்டும் தின்றுவிட்டு அப்படியே படுப்பவன், மாவை அரைத்து ஊற்றி மூடியையும் போட்டுவிட்டுத்தான் படுக்கிறான். காலையில் தேய்ப்பது புளித்த பிறகு பாத்திரம் கழுவுவது. எத்தனை கிலோ இனிப்பு தின்றோம் என்பதைவிட எத்தனை தடவை தின்றோம் என்பதே கணக்கு என்பதும் இதனால்தான். ஒவ்வொரு தடவையும் புதிதாக ஓர் ஈடு. ஸ்வீடனில் விப்பேஹோல்ம் மனநல விடுதியில் 1940-களில் நோயாளிகளுக்கு ஒட்டும் டாஃபியை வேளைக்கு நடுவே கொடுத்துச் சொத்தை எப்படி வருகிறது என்று பார்த்தார்கள். கேவலமான ஆய்வு, விடை மட்டும் சரியானது. அதன் பிறகுதான் அந்த நாட்டில் குழந்தைகளுக்குச் சனிக்கிழமை மட்டும் மிட்டாய் என்ற வழக்கம் பரவியது.

இந்த இயலைச் சாப்பாட்டு மேசையில் வாசித்துக் காட்டினேன். பையன் கேட்டான்: "அப்போ ராத்திரி தேய்ச்சா என்ன தருவீங்க?" எதையும் தர முடியாது, தேய்த்த பிறகு தண்ணீர் தவிர எதுவும் கூடாது என்றேன். அவன் பதிலே சொல்லவில்லை. காபியில்லா வேளையின் சோகத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் உணர்த்த முடியாது.

வாய்மொழித் தேர்வு

எந்த ஆய்வேடும் வாய்மொழித் தேர்வுக்கு உட்பட்டாக வேண்டும். ஐஸ் தண்ணீர் சுரீர் தாங்க முடியாமல் இவ்வாய்வாளர் சென்ற மாதம் அதற்கு ஆஜரானார். கிளம்பும்போது மாமனார் வாசற்படியில் குச்சியை எடுத்துவிட்டு எச்சரித்தார்: "க்ளீனிங் மட்டும் பண்ணிக்காதீங்க மாப்ள. பல்லெல்லாம் ஆடிரும்." ஆடும் பல்லைத் தாங்கிப் பிடித்திருப்பது சிலசமயம் காரைதான், அதை எடுத்தால் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தது வெளியே தெரிகிறது. வீட்டில் பூச்சு உதிர்ந்தால் கொத்தனார்மேல் பழி.

தேர்வாளர் இளம் டாக்டர், பெண். நாற்காலி பின்னால் சாய்ந்தது. விளக்கு கண்ணில் விழுந்தது. ஒரு கையில் குட்டிக் கண்ணாடி, மறுகையில் கொக்கி, வாயின் ஓரத்தில் சர்ரென்று எச்சில் உறிஞ்சும் குழாய். பல்கலைக்கழகத் தேர்வில் குறைந்தபட்சம் வாயை நம்மிடம் விட்டுவைப்பார்கள்.

"ரொம்ப அழுத்தித் தேய்க்கிறீங்களா சார்?"

"ஆ."

"ஹார்ட் பிரஷ்ஷா?"

"ஆ."

"க்ளீனிங் பண்ணி எத்தனை வருஷம் இருக்கும்?"

விரல்களைக் காட்டினேன். ஒரு கை போதவில்லை.

"நைட்டு பிரஷ் பண்றீங்களா?"

இதற்குத்தான் நான் காத்திருந்தேன். மாவு, அமிலம், எச்சில், ஆர்ஹுஸ், டெல்ஃப்ட் எல்லாம் வரிசையாக நாக்கு நுனிவரை வந்து நின்றன. நாக்கின் மேல் பஞ்சு இருந்தது.

"ஆ" என்றேன்.

அது ஆமாவா, இல்லையா என்று டாக்டருக்குப் பிடிபடவில்லை. திரும்பி, சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நெறியாளரைப் பார்த்தார்.

"எழுதிக்கிட்டிருக்காரு டாக்டர்" என்றார் நெறியாளர்.